இன்னொரு கோட்டுக்காரரும் இக்னிஷன் பெட்டியும்

என் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பட்டறையில் அவருக்கு 'இன்னொரு கோட்டு' என்று பெயர். வண்டிக்காரர் சாவியைக் கையில் வாங்கிய பிறகும், "ஒரு நிமிஷம் இருங்க, இன்னொரு கோட்டு அடிச்சுடலாம்" என்பாராம். நல்ல மனுஷன்தான். ஆனால் இவரோடு குடும்பம் நடத்த நிறையப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது, அதனால் கத்துவேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

எங்கள் கார் எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. உடைசலாக வாங்கி, ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்று, கருநீலத்தில் ஏழு கோட்டு அடித்தார். பேனட்டைத் திறந்தால் உள்ளேயும் அதே பளபளப்பு. அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், "நான் பாப்பேன்ல" என்பார். சாவிக்கொத்தோடு யாரும் பக்கத்தில் போய்விடக் கூடாது. எங்கள் பெண் சின்ன வயதில் அதில் சாய்ந்து நின்றபோது, அவளை நகர்த்திவிட்டு முதல் வேலையாகக் காரைத் துடைத்தவர் அவர். சமையலறைச் சுவர் மட்டும் நாலு வருஷமாக உரிந்துகொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் பெயிண்ட், வீட்டுக்கு மட்டும் "பார்க்கலாம், பார்க்கலாம்"!

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். பதினோரு வருஷம் துணி மடித்த பிறகு, போன வருஷம்தான் காலை ஷிஃப்டுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஆறு மணிக்கு நான் போய்க் கதவைத் திறந்தால்தான் மெஷின் ஓடும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அதற்காகவே ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்தக் கதையை எடுத்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுங்கள்.

கார் காலையில் சண்டித்தனம் செய்யும். அதன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் இருக்கின்றன. அவை தொட்டுத் தொட்டுப் பிரிந்தால்தான் இன்ஜினுக்குப் பொறி கிடைக்கும். பழைய வண்டி, அவை அடிக்கடி கருகிப்போகும். இவர் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, இன்ஜின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, "ம், போ" என்பார். அவர் இல்லாத நாளில் என்ன செய்வது? ஒருமுறை பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். இன்னொருமுறை, அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, வாசலைவிட்டே வண்டி நகரவில்லை. இரண்டு நாளும் சலவைக்கூடம் தாமதமாகத் திறந்து, வார்டுகளுக்கெல்லாம் துணி தாமதமாகப் போனது. சூப்பர்வைசர் அம்மா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பழையபடி மடிக்கிற மேஜைக்கே போயிடணும், சொல்லிட்டேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டேன். "உங்க காரையும் கோட்டையும் நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க! அந்தப் பொறுப்பு எனக்கு ஒண்ணும் சும்மா வந்துடல!"

அந்தச் சனிக்கிழமையே அவர் என்னை உதிரிபாகக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பொறி தடைபடாமல் கிடைக்க எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று கடைக்காரர் இரண்டு சாமானை எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டி அளவு. பாயிண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. இன்னொன்று சோப்புப்பெட்டிபோல அலுமினியப் பெட்டி. இதை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே திருக வேண்டும். பாயிண்ட் அப்படியே இருக்கும், ஆனால் கரண்ட் பாரத்தைப் பெட்டி வாங்கிக்கொள்வதால் கருகாது. அழகு பார்க்கிறவராயிற்றே, சின்னதைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன்.

"சின்னது ரோட்ல கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டார்.

"கட்டி இழுத்துக்கிட்டுத்தான் வரணும்," என்றார் கடைக்காரர். "பெட்டின்னா ரெண்டு ஒயர மாத்திச் சொருகினா போதும், பழையபடி பாயிண்ட்லயே ஓடும். அவங்களே செஞ்சுக்கலாம்."

"அப்ப பெட்டியே குடுங்க."

எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. கொஞ்சம்தான்.

கடையிலேயே பெட்டியைச் சோதித்துக் காட்டிக் கொடுத்தார்கள். ஞாயிறு காலையில் இவர் வேலையில் இறங்கினார். இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், சூடு படாத இடமாகப் பார்த்து நாலு துளை போட்டார். எனக்கே பல் கூசியது. மதியம் முடிய வேண்டிய வேலை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் முடிந்தது. நான் சாவியைத் திருப்பினேன். கர்... கர்... என்று சுற்றியதே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை. ஒயரைப் பழையபடி மாற்றினால் உடனே பிடித்தது. திரும்பவும் பெட்டிக்கு மாற்றினால் கப்சிப்.

விடிந்தால் திங்கட்கிழமை. ஆறு மணிக்கு நான் சலவைக்கூடத்தில் இருந்தாக வேண்டும்.

இவர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "கறுப்பு ஒயர் பாடியில நல்லாத் தொடுதா பாருங்க. கரண்ட் திரும்பிப் போக அந்த எர்த் இல்லாட்டி அது வேலை செய்யாது," என்றார் அவர்.

"போல்ட்டு வெச்சு இறுக்கியிருக்கேன், தொடாம எங்க போகும்? என்னைய யாருன்னு நெனச்சார்?" என்று போனை வைத்துவிட்டு முணுமுணுத்தார் இவர்.

நான் குனிந்து பார்த்தேன். போல்ட்டின் தலை கருநீலத்தில் மினுங்கியது.

"ஏங்க, இதுக்குமா பெயிண்ட் அடிச்சீங்க?"

"பின்ன? துளை போட்ட எடத்துல துரு புடிக்காதா? உள் விளிம்பெல்லாம் பிரைமர் வெச்சு, அதுமேல ரெண்டு கோட்டு. போல்ட்டுக்கும்தான். அது காயத்தான் இவ்ளோ நேரம்."

"அப்ப அந்தக் கறுப்பு ஒயர் எதைத் தொடுது? பெயிண்ட்டத்தானே தொடுது! இரும்ப எங்க தொடுது?"

அவர் குனிந்து போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க இரும்பை மூடி மூடியே பழகிய கை, வேறு என்ன செய்யும்?

ஒரு துண்டு ஒயரைக் கறுப்பு ஒயரின் நுனியோடு சேர்த்து, மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்தில் அழுத்திப் பிடித்தேன். அவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது. அப்படி ஒரு சீரான சத்தத்தை அந்தக் காரில் நான் கேட்டதே இல்லை.

"இப்படியே நீளமா ஒயர் சேத்து இழுத்துடுங்களேன்," என்றேன். அந்த நீலத்தைச் சுரண்டச் சொல்ல, சத்தியமாக எனக்கே மனசு வரவில்லை.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து, அந்தத் துண்டு ஒயரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஒட்டுப்போட்ட ஒயர் என்னிக்காவது கழண்டுக்கும். அன்னிக்கு நடுரோட்ல நிக்கப்போறது நீ," என்றார்.

உப்புத்தாளில் முரட்டு ரகமாக ஒன்றை எடுத்தார். அழுத்தித் தேய்த்தார். நீலம் போய்ப் பிரைமரின் சாம்பல் நிறம் வந்தது. அதுவும் போய், கட்டைவிரல் அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. போல்ட்டையும் சுரண்டி, இறுக்கி, துரு பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். பெயிண்ட் டப்பா காலடியிலேயே இருந்தது. அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குச் சலவைக்கூடத்தைத் திறந்தேன். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கும் ஒரு டீ ஊற்றினார். இது ஏழாவது மாதம். ஒருநாள்கூட நான் தாமதமாகப் போகவில்லை.

போன வாரம் பட்டறைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இவர் எண்ணெய் பார்ப்பதற்காகப் பேனட்டைத் திறந்து வைத்திருந்தார். வந்தவர் சுரண்டிய அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"என்னண்ணே, உங்க வண்டியிலயா இப்படி? டப்பாவ எடுங்க, ஒரே ஒரு கோட்டு அடிச்சு மூடிடுறேன்."

"கை வெக்காத," என்றார் இவர். குரலை உயர்த்தக்கூட இல்லை. "அது அப்படியே இருக்கட்டும். அவ அதை நம்பித்தான் வேலைக்குப் போறா."

நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொசுக்கென்று கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் சுவர் உரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.