சீட்டில் நாலு மூடி

சந்திரவல்லிக்கு ஊர் மலையடிவாரத்துத் தேவாரம். யானை மிதித்தது போக மிஞ்சிய வெள்ளாமையில் அவளை மதுரைக்கு அனுப்பிக் கணக்குப் படிக்க வைத்தார் அப்பா. எண்பத்தேழில் போடியில் ஓர் ஏலத்தோட்டக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

எந்தச் சரிவில் என்ன பூச்சிமருந்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மூடி என்று மிசின் சீட்டு அடிக்கும். காலை ஜீப்பில் சீட்டு மலையேறும். மருந்து அளவெல்லாம் ஒரே பைலில் இருந்தது. திரையில் காட்டும் புரோகிராம், சீட்டு அடிக்கும் புரோகிராம் இரண்டுக்கும் அதுதான் ஆதாரம். எந்தப் புரோகிராமுக்கு எந்தப் பைல் ஆதாரம் என்று மேக்பைல் என்ற இன்னொன்றில் வரிவரியாக எழுதியிருந்தாள். அளவு, புரோகிராமைக் கட்டும்போதே அதற்குள் போய்விடும். மேக் என்று கட்டளை ஓட்டினால், ஆதாரம் மாறிய புரோகிராமை மட்டும் மிசின் திரும்பக் கட்டும்.

ஆடியில் அளவு பைலை வேறு இடத்துக்கு மாற்றினாள். "இதை உண்டாக்கும் வழி தெரியவில்லை" என்று மிசின் நின்றுவிட்டது. திரைப் புரோகிராமின் வரியில் புது இடத்தை எழுதினாள், சரியாகிவிட்டது. சீட்டுப் புரோகிராமின் வரியில் எங்கோ ஓர் எழுத்துப் பிசகு, கண்ணுக்குச் சிக்கவில்லை. வெளியே ஜீப்பு ஆரன் அடித்தது.

"ஏம்மா, வெரசா ஆகட்டும்! மேல ஆளுக காத்துக் கெடக்காக" என்று மேனேஜர் அழகுமலை சத்தம் போட்டார்.

பிசகைத் தேடாமல், அந்த வரியிலிருந்து அளவு பைலின் பெயரையே அழித்தாள். மிசின் மறுபேச்சுப் பேசவில்லை. சீட்டும் சரியாகத்தான் வந்தது. பிறகு அவள் அதை மறந்தே போனாள்.

அடுத்த மாதம் புது மருந்து வந்தது, பழசைப் போல நாலு மடங்கு காரம். அளவு பைலில் நாலு மூடியை ஒன்றாக்கிவிட்டு மேக் ஓட்டினாள். திரையில் ஒரு மூடி. திருப்தியாகச் சீட்டை அடித்து ஜீப்பில் அனுப்பினாள்.

அடித்ததில் ஒன்று தாள் சிக்கிக் கிழிந்து மிசினிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். நாலு மூடி.

திரும்பவும் மேக் ஓட்டினாள். "சீட்டுப் புரோகிராம் புதிதாகவே இருக்கிறது" என்றது. அதைக் கட்டிய தேதியைப் பார்த்தாள்: போன மாதத்தது. வரியைத் திறந்தாள். தன் கையால் அழித்த இடம். அந்தப் புரோகிராம் அளவு பைலைச் சார்ந்தது என்பதே மிசினுக்குத் தெரியாது.

எஸ்டேட்டுக்குப் போன் போட்டாள். ராத்திரி மழையில் லைன் செத்துக் கிடந்தது. உர லோடு ஏற்ற நின்ற இன்னொரு ஜீப்பில் ஓடி ஏறினாள்.

"லோடு ஏத்தலையே தாயி" என்றான் டிரைவர் கண்ணுச்சாமி.

"லோடு கெடக்கட்டும்ணே. மருந்தடிக்கிறதை நிறுத்தணும். ஓட்டுங்க!"

வளைவுக்கு வளைவு மூடுபனி கனத்தது. மெட்டுக் கணவாயைத் தாண்டியதும் மருந்து வாடை ஜீப்புக்குள் வந்தது. கண்ணுச்சாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். சரிவில் காற்றே இல்லை. அடித்த மருந்து செடிகளுக்கு மேல் அசையாமல் நின்றது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். பம்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு பம்பு மட்டும் செடிக்கடியில் இரைந்துகொண்டிருந்தது. அதைச் சுமந்தபடியே மருந்தடிக்கும் ஆள் சீனிச்சாமி குப்புற விழுந்து கிடந்தான், வாயில் நுரை.

போடி ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. ஆனால் கைநடுக்கம் நிற்கவில்லை. இனி பம்பு தூக்க முடியாது என்றார் டாக்டர்.

"மூக்குல துணி கட்டாமப் போனான்னு சொல்லிருவோம். நீ வாயத் தெறக்காத" என்றார் அழகுமலை.

அவள் நேரே சீனிச்சாமியின் மனைவி அன்னக்கொடியிடம் போனாள். "தப்பு என்னுதுக்கா. சீட்டுல அளவு தப்பா வந்துச்சு. நான்தான் பாக்காம விட்டேன்."

அன்னக்கொடி அழவில்லை, திட்டவுமில்லை.

"நாளைக்குக் கீழச்சரிவுல மருந்தடி. அவருக்குப் பதிலா என்னைய வரச் சொல்லிருக்காக" என்றாள். "சீட்டு உன் மிசினுலதானே வரும்?"