வேட்டியில் பொதிந்த பிஸ்டன்

பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிஸ்டன்களை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒருமுறை காவிரிப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். மடியில் இருந்தது பிஸ்டன் என்று அப்போது எனக்குத் தெரியாது. போன வாரம் அதே பாலத்தில் வேறொரு பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதிலிருந்து மாமனார் நினைவாகவே இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். என் மனைவி தலைப்பிரசவத்துக்காக ஸ்ரீரங்கத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமனாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. எண்ணெய் குடிக்கும், புகை கக்கும். வளைகாப்பு முடிந்த சில நாளில் அது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர், "பெரியவரே, காவிரியில எறக்கிக் குளிப்பாட்டுங்க, கெளம்பிடும்" என்று கத்திவிட்டுப் போனாராம். கேலி அவருக்கு உறைக்கவில்லை. மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளில் இப்படி நின்றால் என்ன செய்வது என்ற பயம்தான் பிடித்துக்கொண்டது. பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று இறங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கொட்டகையில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எஞ்சினின் தலைப்பகுதி கழற்றப்பட்டு, சிலிண்டர்களின் வாய்கள் திறந்து கிடந்தன. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் அடிமூடியை நட்டுகளைத் தளர்த்திக் கழற்றினார். போல்ட் முனை, அந்த ராடு சுழற்றும் கிராங்குத் தண்டைக் கீறிவிடக் கூடாதென்று அதில் துணி சுற்றினார். பிறகு சுத்தியலின் மரப்பிடியால் கீழிருந்து மெல்லத் தள்ளினார். மேலே குனிந்து நின்ற என்னிடம், "வருது மாப்பிள்ளை. அவசரம் வேண்டாம், ரெண்டு கையாலயும் வாங்குங்க" என்றார். கரியும் எண்ணெயும் பூசிய பிஸ்டன், நீண்ட ராடோடு என் கைக்குள் வழுக்கி வந்தது. வெளியே வந்ததும் அந்தந்த மூடியை அந்தந்த ராடிலேயே மறுபடி பூட்டினார். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது.

பிஸ்டன்களில் தூசி படக் கூடாது என்பது அவர் கவலை. பிறக்கும் குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது என்பது மாமியாரின் வழக்கம். அதற்காக அவர் மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தார். தன் பழைய வேட்டிதானே என்று மாமனார் அந்தத் துணிகளையே எடுத்தார். பிஸ்டன்களைச் சுற்றி, வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான் என்று அந்தப் பைக்குள்ளேயே வைத்தும்விட்டார்.

அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன்; மறுநாள் காலையிலேயே மனைவிக்கு வலி கண்டுவிட்டது. மாமனார் எண்ணெய்க் கையோடு வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். "வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டேனே, வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டேனே" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. மாமியார்தான், "பொலம்பாம கை கழுவி வேட்டிய மாத்துங்க" என்று அதட்டி, குதிரை வண்டி கொண்டுவரச் செய்து, மஞ்சப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். கனமாகத்தான் இருந்தது. பிளாஸ்க்கும் தம்ளரும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குதிரை பாலத்தில் மெதுவாகத்தான் போனது. அவள் முனகும் போதெல்லாம் மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நெடுநேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொம்பளப் புள்ள. சின்னதாத்தான் இருக்கு. சுத்தறதுக்குத் துணி குடுங்க, சீக்கிரம்" என்றார். மாமியார் பையில் கைவிட்டு ஒரு பொதியை எடுத்துப் பிரித்தார். உள்ளிருந்து பிஸ்டன் ஒற்றைக் காலை நீட்டியது.

"ஏங்க! இதுக்கா நான் துணி தொவைச்சு வச்சேன்?"

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல், "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா பாட்டி?" என்றார்.

பையிலிருந்த துணியெல்லாம் எண்ணெய்க் கறை. மாமனார், வரும்போது மாற்றிக் கட்டியிருந்த எட்டு முழ வேட்டியை அந்தத் தாழ்வாரத்திலேயே அவிழ்த்து, குறுக்கே சர்ரென்று கிழித்தார். ஒரு பாதியை நர்ஸிடம் நீட்டினார். மறுபாதியை இடுப்பில் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

குழந்தை தேறிவிட்டது. தாயையும் சேயையும் வீட்டுக்கு அழைத்து வந்தது, அதற்குள் மாமனார் பூட்டி முடித்திருந்த அந்தக் கார்தான். பாலத்தில் ஒரு இருமல்கூட இருமவில்லை.

அந்தக் குழந்தைக்குத்தான் போன வாரம் பிரசவம். கடைசி நேரத்தில் ஆபரேஷன் என்றார்கள். போகும் வழியெல்லாம் பைக்குள் கைவிட்டுத் துணி இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தேன். "எங்கப்பா மாதிரியே பண்றீங்க" என்றாள் மனைவி. துணி என் பழைய வேட்டிதான். சுத்தமாக இருந்தது. அப்போதும் பயம் குறையவில்லை.

கதவு திறந்தது. என் வேட்டியில் சுற்றிய பேரனை நர்ஸ் நீட்டினார். கிட்டத்தட்ட அன்றைய மஞ்சப்பையின் கனம். யாரும் சொல்லாமலே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.