எங்கும் சொருகாத இயர்போன்

இன்று திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி வரும் பஸ்ஸில் இருந்தபோது எங்கள் ஏற்றுமதி ஆபீஸிலிருந்து போன். உடன்குடியில் கருப்பட்டி லாரி தயார், நாளைக்குக் கப்பல் உறுதிதானா, அனுப்பலாமா என்று கேட்டார்கள்.

கப்பல் பெயரை வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னேன். இந்த ரூட்டில் பாதிப் பேர் ஹார்பர் ஆட்கள்; போட்டிக் கம்பெனி காதுக்குப் போய்விடும். பக்கத்து சீட்டுக்காரர் காதில் இயர்போன் இருந்ததில் கொஞ்சம் தைரியம்.

பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன். அந்த ஒயரின் மறுமுனை அவர் சட்டைப் பைக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கும்போது குனிந்து சொன்னார்: "தம்பி, அந்தக் கப்பல் நாளைக்கு வாராது. லாரிய விடாதிய. வெயில்ல கெடந்தா கருப்பட்டி இளகிரும்."

"யாரு அண்ணாச்சி சொன்னா?"

"பஸ்ஸுல வந்தா நாலு பேரு பேசுதது காதுல விழத்தான செய்யும்."

நல்ல மனிதரா, போட்டிக் கம்பெனி ஆளா? அனுப்பாவிட்டால் கப்பலில் எங்கள் இடம் போய்விடும். கப்பல் ஏஜெண்டைக் கேட்டேன். "வரும்னுதான் சொல்லுதாவ" என்று இழுக்கிறார். லாரி டிரைவர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து எனக்குப் போன் செய்ய வேண்டாம்.