மேல் ஃபோல்டரில் ஓர் ஆயில்யம்

சர்வரைக் கட்டி மேய்ப்பவனின் தொழில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பொருளை இல்லை என்று சாதிப்பவரிடம் மல்லுக்கு நிற்பது. இதே தொழிலில் வேகிறவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் அனுதாபத்தோடு படித்தால் போதும்.

கண்ணெதிரே காணவில்லை

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், ஜாதகம் கணிக்கும் இணையதளம் ஒன்று நடக்கிறது. அதன் சர்வர் என் பொறுப்பு. வெகுகாலம் வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு மட்டுமே தந்துகொண்டிருந்தோம். திருக்கணிதமும் வேண்டும் என்று பலர் கேட்டதால், எங்கள் நிரலாளர் சுகன்யா இரண்டு நிரல் துண்டுகள் கொடுத்தாள். இவற்றைக் கிளாஸ் என்போம். பஞ்சாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் கிளாஸ் புதியது. நட்சத்திரம் கணிக்கும் கிளாஸ் பழையதைத் திருத்தியது.

இரண்டையும் ஃபோல்டரில் போட்டேன். முதலாவதைக் காணவில்லை என்றது சர்வர். கிளாஸின் முழுப்பெயரில் என்னென்ன உள்ஃபோல்டர்கள் உண்டோ அதே வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும். தெருப்பெயர் இல்லாமல் கதவு எண் மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் எங்கே கொடுப்பார்? இதை நான் விஸ்தாரமாக விளக்கியபோது, முதலாளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணெதிர்ல இருக்கறத இல்லைங்குது. இதுக்கு ரெண்டு ஏசி வேற."

கிடைத்தது, ஆனால் வேறு

அடுக்கி வைத்ததும் பிழை போயிற்று. ஆனால் திருக்கணிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வாக்கிய விடையே வந்தது. சர்வரை நிறுத்தி ஓட்டினேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன், உட்கார்ந்தேன், மறுபடி நிறுத்தி ஓட்டினேன். கீழே கேம்ப் ரோடு பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது; அதற்கும் என்னைப் போலவே அவசரம்.

சுகன்யா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எந்த வேலைக்கும் அப்படி நின்றவளில்லை. கேட்டதும் மெதுவாகச் சொன்னாள். சேலையூர்ப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவனுடைய அம்மா கணக்கு டீச்சர். எதையும் தானே சரிபார்ப்பவர், எங்கள் தளத்தில் இன்று பார்க்கப்போகிறார். சுகன்யா பிறந்தது இரண்டு நட்சத்திரங்களின் எல்லையில். வாக்கியப்படி ஆயில்யம், திருக்கணிதப்படி மகம். ஆயில்யப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று பயப்படும் வீடுகள் எத்தனையோ. இரண்டு வீட்டிலும் பார்ப்பது திருக்கணிதம்தான், ஆனால் எங்கள் தளம் காட்டுவது ஆயில்யம்.

வாடிக்கையாளருக்காக எழுதினாயா, உனக்காகவா என்று சும்மா சீண்டினேன்.

"கஸ்டமர்ல நானும் ஒருத்தி சார்."

மேலே கேட்கும் பழக்கம்

காரணம் பிற்பகலில் அகப்பட்டது. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான மேல் ஃபோல்டர் ஒன்று உண்டு. எனக்கு முன்பிருந்தவர் அதிலும் பழைய நட்சத்திரக் கிளாஸின் நகலை வைத்திருந்தார். எங்கள் சர்வர் எதையும் முதலில் மேலே கேட்கும். அங்கே கிடைத்துவிட்டால் கீழே எட்டிப்பார்க்காது. சுகன்யாவின் கிளாஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

பழைய நகலை அழிக்கவும் வழியில்லை. ஜாதகம் அச்சடிக்கும் இன்னொரு செயலி அதை நம்பி ஓடுகிறது. எங்கள் செயலி மட்டும் தன் ஃபோல்டரை முதலில் பார்க்கட்டும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். முதலாளி யோசித்துத் தலையசைத்தார்.

"பெருசு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். நாம அதைக் கேக்காம இருந்தாப் போதும்."

இரண்டு படங்கள்

வரியைச் சேர்த்து ஓட்டினேன். மகம் வந்தது. சுகன்யா டீ வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தோளில் விடைத்தாள் பையோடு ஓர் அம்மாள் படியேறி வந்தார். சுகன்யாவின் முகம் வெளுத்ததிலிருந்தே யாரென்று தெரிந்தது.

டீச்சர் தன் போனில் எடுத்துவைத்த இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டிலும் திருக்கணிதம் என்றே தேர்ந்தெடுத்திருந்தார். மத்தியானம் ஆயில்யம், சாயங்காலம் மகம். பெண் வேலை செய்யும் ஆபீஸில் பெண்ணின் நட்சத்திரம் மாறினால் என்ன நினைப்பது என்று, குரலை உயர்த்தாமல் என்னைக் கேட்டார்.

இரண்டு ஃபோல்டர்களையும் திறந்து காட்டினேன். சேர்த்த வரியையும், சுகன்யாவின் கணக்கையும் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்கை வரிவரியாகப் படித்தார். தன் பையிலிருந்த பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டார். அதுவும் மகம் என்றது. வானத்தில் உண்மையில் எது என்று நான் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொல்லிவைத்தேன். சுகன்யா என்னை முறைத்தாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நட்சத்திரத்தப் பாக்க வரலம்மா, நீ மாத்துனியான்னு பாக்க வந்தேன். எனக்கே ஆயில்யம்தான். எங்க மாமியார் கல்லு மாதிரி இருக்காங்க, நான்தான் இளைச்சுட்டேன்."

மேலே கேட்காமல் இருக்கச் சர்வருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். சுகன்யாதான் இப்போது சேலையூரில், பாலுக்கு உறை ஊற்றுவதற்குக்கூட மாமியாரைக் கேட்கிறாள்.