மாங்குளம் நிருபரின் யானைச் செய்தி

மாங்குளம் சந்தியில் தில்லைநாதனுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. அவர் ஒரு சைக்கிளுக்காவது காற்றடித்ததை நாங்கள் கண்டதில்லை. கடையைப் பார்த்ததெல்லாம் மைத்துனர் தவராசா. தில்லைநாதன் வாசலில் கதிரை போட்டு, சட்டைப்பையில் பேனையைச் செருகிக்கொண்டு, வீதியைப் பார்த்தபடி இருப்பார். கொழும்பில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகை ஒன்று அவரைத் தனது மாங்குளம் நிருபராக நியமித்திருந்தது. ஐம்பத்தாறாம் ஆண்டு கிடைத்த அந்த நியமனத்துக்குப் பிறகு அவர் யாரையும் முதலில் கும்பிட்டதில்லை.

கூட்டுறவுச் சங்கக் கூட்டம், கோயில் திருவிழா, மாற்றலாகிப் போகும் அதிகாரிக்குப் பிரியாவிடை. இவைதான் அவருடைய செய்திகள். யார் வீட்டுக் கோழிக்கறி நன்றாக இருந்ததோ அவர் பத்திரிகையில் சமூகத் தொண்டர் ஆனார். வெறும் தேத்தண்ணியோடு அனுப்பி வைத்தவர் 'மற்றும் பலர்' என்பதற்குள் போய்ச் சேர்ந்தார். இது ஊருக்கே தெரியும். தெரிந்திருந்தும், திருவிழாவில் தானே நின்று வடம் பிடித்தவன் கூட, அது நடந்ததா என்று அறியப் பேப்பர் வாங்கினான். அச்சில் வந்தால்தான் அவனுக்குத் தன் கை வலித்ததே உறுதியாகும்.

வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ச் செய்தி எடுப்பது நிருபருக்கு அழகல்ல என்பது தில்லைநாதனின் கொள்கை. சந்தியில் கனகலிங்கத்தின் தேத்தண்ணிக் கடை இருந்தது. பஸ்ஸும் லொறியும் அங்கே நிற்கும். ஏறி இறங்குபவர்கள் சொல்வதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், கதிர் முற்றி வெட்டுக்கு நின்ற காலம். தர்மபுரத்தில் யோகநாதன் என்றொரு விவசாயி இருந்தார். கரவெட்டியிலிருந்து வந்து, காடு வெட்டி, கழனியாக்கிக் குடியிருந்தவர். ஒரு விடியற்காலை அவரை யானை துரத்தியது. ஓடும்போது தும்பிக்கை முதுகில் பட்டு விழுந்து, தோள்மூட்டு விலகிவிட்டது. யானை அவருடைய காவல் கொட்டிலைப் பிரித்தெறிந்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று. அயலவர்கள் யோகநாதனைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் போட்டு, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் நெல் வியாபாரி மஹ்றூப்பின் லொறி மாங்குளத்தில் நின்றது.

"தர்மபுரத்தில யோகநாதனை யானை அடிச்சுப்போட்டுதாம்" என்றார் மஹ்றூப்.

தில்லைநாதன் கதிரையை விட்டு எழுந்தார். யோகநாதன் யார், பிள்ளைகள் எத்தனை என்று கனகலிங்கத்திடம் போகிற போக்கில் கேட்டுக்கொண்டு தபாற்கந்தோருக்கு நடந்துவிட்டார். "ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாச்சு எண்டு சொல்ல வாய் எடுக்கிறன், ஆளைக் காணேல்லை" என்று மஹ்றூப் பிறகு எங்களிடம் சொன்னார்.

செய்தி பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. 'யானைக்குப் பலியான குடும்பத் தலைவர்' என்பது தலைப்பு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் தலையில் அடித்துக் கதறிய காட்சி கல்நெஞ்சையும் கரைத்ததாம். இறுதிக் கிரியைகளில் பெருந்திரளானோர் கலந்துகொண்டார்களாம். செத்த ஆளை மாத்திரமல்ல, செத்த வீட்டுக்கு வந்த சனத்தையும் தில்லைநாதன் கதிரையில் இருந்தபடியே திரட்டியிருந்தார்.

தர்மபுரத்தில் யோகநாதன் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டபடி தன் சாவைத் தானே வாசித்துச் சிரித்தார். அயலவர்களும் வந்து சிரித்தார்கள். ஆனால் அந்தப் பேப்பர் கரவெட்டிக்கும் போயிருந்தது.

அங்கே அவருடைய தமையன் சிற்றம்பலம் காலையில் வழக்கம்போலத் தாய்க்குப் பேப்பர் வாசித்தார். தலைப்பை வாசித்த பிறகுதான் பெயரைக் கண்டார். நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டினனி? வாசி" என்றார் தாய். மகனின் முகத்தைப் பார்த்து விஷயம் விளங்கியிருக்க வேண்டும். "முழுக்க வாசி" என்றார்.

சிற்றம்பலம் வாசித்தார். மருமகள் கதறிய இடம் வந்தபோது கிழவி கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். உடம்பின் ஒரு பக்கம் இழுத்து விளங்காமல் போய்விட்டது.

தாயைச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டு, ஒரு காரைப் பிடித்துக்கொண்டு, சிற்றம்பலம் தர்மபுரத்துக்கு வந்தார். மடியில் வெள்ளைத்துணி. முற்றத்தில் செத்தவர் இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"டேய், உயிரோடையோ இருக்கிறாய்?" என்று கத்தித் தம்பியைக் கட்டிப்பிடித்தவர், அடுத்த மூச்சில் நிலத்தில் குந்திவிட்டார். "அம்மா விழுந்திட்டாடா."

அதே காரில் யோகநாதன், மனைவி கமலாசனி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் கரவெட்டிக்குப் போனார்கள். யோகநாதன் கட்டிலடியில் முழந்தாளிட்டு, "அம்மா, நான் யோகன். எனக்கு ஒண்டுமில்லை, பாருங்கோ" என்றார். தாய் அவரை நெடுநேரம் பார்த்தார். கோணிய வாயால் ஏதோ சொன்னார். காதை வைத்துக் கேட்ட கமலாசனிக்குத்தான் அது விளங்கியது. பேப்பரில் போட்டாயிற்று, என்னை ஏன் ஏமாற்றுகிறீர்கள் என்பதே அது. தன்னைத் தேற்றுவதற்காக யோகனின் சாயலில் யாரையோ கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று கிழவி நினைத்துவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாதம் முடியுமுன் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், கமலாசனி வீட்டுக்குத் திரும்பாமல் புருஷனையும் கூட்டிக்கொண்டு நேரே வந்து மாங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். நாங்கள் ஏழெட்டுப் பேர் கனகலிங்கத்தின் கடையில் இருந்தோம். நிருபரும் அங்கே இருந்தார்.

"நீங்கள்தானோ பேப்பருக்கு எழுதிறவர்?"

"ஓம் தங்கச்சி, இருங்கோ. என்ன விசயம்?" தில்லைநாதன் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"இவர்தான் யோகநாதன். நீங்கள் யானைக்குக் குடுத்த ஆள். நான் இவரின்ரை மனிசி."

"அடடே, தப்பிட்டாரோ! நல்ல செய்தி" என்றார் நிருபர், உண்மையான மகிழ்ச்சியோடு.

"நான் தலையிலை அடிச்சுக் கதறினதெண்டு எழுதினீங்கள். எங்கை நிண்டு பாத்தனீங்கள்?"

"அது எழுதிற முறை, தங்கச்சி. செத்த வீடெண்டால் அப்பிடித்தான் எழுதிறது."

"எனக்கு ரண்டு பிள்ளையள். மூண்டாவது ஆர்?"

கடையில் சிரிப்பு எழுந்தது. தில்லைநாதனும் கொஞ்சம் சிரித்தார். "கொழும்பிலை அச்சுக் கோக்கிறவங்கள் விட்ட பிழை" என்றார்.

"மாமி செத்துப்போனா. உங்கடை பேப்பரைக் கேட்டு விழுந்தவா எழும்பேல்லை. பெத்த பிள்ளை முன்னுக்கு நிக்க, அவா பேப்பரைத்தான் நம்பினவா. அது ஆர் விட்ட பிழை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நிருபர் பேனையை மூடினார்.

"மறுப்பு ஒண்டு போடலாம்தான். ஆனால், நாங்கள் பிழை விட்டமெண்டு நாங்களே சொன்னால், பிறகு உண்மையான செய்தியைச் சனம் நம்புமோ? நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ."

கமலாசனி யோசித்துப் பார்க்கவில்லை. "உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த பஸ்ஸில் இருவரும் போய்விட்டார்கள்.

தில்லைநாதன் கைகட்டி இருந்தாரென்று நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்குத் தான் செய்யவேண்டிய கடமையை அவர் உணர்ந்தார். அடுத்த கிழமையே பத்திரிகையில் அவருடைய செய்தி வந்தது. தலைப்பு: 'மகன் உயிர் தப்பிய மகிழ்ச்சி தாங்காது தாய் மரணம்'. யானையின் பிடியிலிருந்து மீண்ட மகனை ஆரத் தழுவி, ஆனந்தக் கண்ணீர் சொரிந்து, அந்த அன்னை கண் மூடினாராம்.

கனகலிங்கம் அதைக் கடையில் உரத்து வாசித்தார். கமலாசனி நின்று பேசியது அவருடைய அடுப்புக்கு முன்னால்தான். அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். வாசித்து முடித்து, "பாவம், சந்தோசத்திலை எல்லோ போயிருக்கிறா" என்றார். இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

கமலாசனி தானே கொழும்புக்கு எழுதிப் போட்டார். பல வாரங்கள் கழித்து, பற்பொடி விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி வந்தது. தர்மபுரம் லோகநாதன் இறந்ததாக வெளியான செய்தி தவறு என்று அதில் இருந்தது. லோகநாதன் என்று அங்கே ஒருவரும் இல்லை.

அதன் பிறகு தர்மபுரத்துச் சனம் ஒரு காரியம் செய்தது. யாரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை. ஆனாலும் நிருபரிடம் யாரும் வாய் திறப்பதில்லை என்றாகிவிட்டது.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் பெரும் புயல் அடித்தது. கொழும்பிலிருந்து 'உடன் விபரம் அனுப்புக' என்று தந்தி வர, தில்லைநாதன் வாழ்க்கையில் முதற்தடவையாகச் செய்தி தேடி வெளிக்கிட்டார். தன் கடைச் சைக்கிள் ஒன்றில், விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலால் அதைத் தூக்கித் தூக்கி, தர்மபுரம் வந்து சேர்ந்தார்.

படலைக்குப் படலை போய்க் கேட்டார். "ஒண்டுமில்லை ஐயா. மழை பெய்தது" என்றார்கள். சொன்னவர்களுக்குப் பின்னால் கூரையில்லாத வீடுகள் நின்றன. வயல் முழுக்க வெள்ளம். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். செம்பை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கண்ணால் கண்டதை எழுதியிருக்கலாம். கூரை இல்லாததை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் பார்த்து எழுதும் பழக்கம் அந்த மனிதருக்கு இருந்ததில்லை. நனைந்துபோய் மாங்குளம் திரும்பி, கேட்டதையே தந்தியில் கொடுத்தார். தர்மபுரத்தில் பெரும் சேதமில்லை, மக்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்று பத்திரிகை எழுதியது.

பேப்பர் வந்த அன்று கனகலிங்கம் வழக்கம்போல உரத்து வாசித்தார். அவருடைய கடையின் தகரமெல்லாம் பறந்துபோய், மேலே ஒரு படங்குதான் கட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் பேப்பரில் சொட்டியது.

வாசித்து முடித்ததும் பேப்பரை மடித்தார். "அப்ப, பெரிசா ஒண்டும் நடக்கேல்லைப் போல" என்றார்.