ஐம்பத்தைந்து நிமிஷம் போதும்

இது நடந்தது. ஜோடித்துச் சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. இதை என்னிடம் சொன்னவர் பொய்யே பேசாதவர் என்று சத்தியம் செய்யமாட்டேன், நிறையப் பேசுவார். ஆனால் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ளும் பொய்யை அவர் ஆயுசில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

குடும்பத்தில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். விமானம் ஓட்டியவர் அல்லர். குழாய் விற்கும் கம்பெனியில் கொள்முதல் மேலாளர். வருஷத்துக்கு நாலு தடவை வெளிநாடு போய்வந்ததில், வானத்தையே தான்தான் குத்தகைக்கு எடுத்திருப்பதுபோல ஒரு நடை வந்துவிட்டது. உறவில் யார் டிக்கெட் எடுத்தாலும் அவரைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். வழியில் விமானம் மாறுவதற்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்கிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

“ஐம்பத்தஞ்சு நிமிஷம் போதும்பா. மிச்ச நேரம் ஏர்போர்ட்ல உக்காந்து ஈ ஓட்டவா?”

அதற்கென்று சில வித்தைகள் வைத்திருந்தார். பெட்டி போடக்கூடாது, கைப்பை மட்டும். முன்வரிசையில் ஓரத்து இருக்கை. அதற்குத் தனிக் கட்டணம் என்பதால் அவருக்கு மட்டும். மனைவிக்குக் கடைசி வரிசை. “ஓடிப்போய் கேட்டை மறிக்க ஒரு ஆள் முன்னாடி இருந்தாப் போதாதா?” இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். அவள் தொலைத்துவிடுவாளாம்.

எல்லாவற்றுக்கும் மேல், வீல்சேர். முட்டிவலி என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் எந்த வரிசையும் விலகி வழிவிடும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பூப்பந்து ஆடுகிற முட்டி அது. “எந்திரிக்கும்போது லேசா முனகணும். உக்காந்தப்புறம் கழுத்தைத் திருப்பவே கூடாது. நோயாளி வேடிக்கை பார்க்கமாட்டான்” என்று மச்சினர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்.

இந்தத் தடவை போனது மகளிடம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு ஆபரேஷன், பிரசவம். முந்தைய பிள்ளை தங்கவில்லை. மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: “அம்மா வந்து கையைப் பிடிச்சாத்தான் நான் உள்ளே போவேன்.” அந்த வாக்கியத்தில் அப்பா இல்லை என்பதைக் கேப்டன் கவனிக்கவில்லை.

மனைவி கவனித்தது வேறு. “ஏங்க, நடுவுல நாலு மணி நேரம் இருக்கற டிக்கெட்டும் இருக்காமே. இந்தத் தடவை மட்டும்...”

“உனக்கென்ன தெரியும்?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் விமானம் இருபது நிமிஷம் தாமதமாக இறங்கியது. மதியம் மணி 3.40. அடுத்த விமானத்தின் கேட்டை நாலு மணிக்கு அடைத்துவிடுவார்கள். கதவு திறந்ததும் கேப்டன்தான் முதல் ஆளாக வெளியே வந்தார். முனகிக்கொண்டே வேகமாக.

வாசலில் ஒரே ஒரு வீல்சேர்தான் நின்றது.

அதன் பக்கத்தில் ஒரு வயதான அம்மா. சாம்பல் நிறச் சால்வை. முதல் ஆள் தான்தானே, தனக்கு முன்னால் இவள் எப்படி வந்தாள் என்று கேப்டன் யோசிக்கவில்லை. நேரமில்லை.

“தம்பி... அது எனக்குச் சொன்னதுப்பா.”

“எனக்கு முட்டி போச்சும்மா. உங்களுக்கு வேற வரும்.”

உட்கார்ந்துவிட்டார். தள்ளும் ஊழியர் ஓடிவந்தார். “சார், ஒரு நிமிஷம்...”

“என் வீட்டுக்காரி தள்ளிக்குவா, நீங்க விடுங்க. வந்துட்டியா? தள்ளு!”

பின்னாலிருந்து, “ம்.”

ஊழியர் கேப்டனின் தலைக்கு மேலே பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

நாற்காலி நகர்ந்தது.

நல்ல வேகம். இடது சக்கரம் மட்டும் க்ரீச்... க்ரீச்... என்றது. வழியெல்லாம் கேப்டன் பேசிக்கொண்டே வந்தார். பார்த்தியா, கூட்டம் எப்படி ஒதுங்குது? ம். நாலு மணி நேர டிக்கெட் எடுத்திருந்தா இந்நேரம் கொட்டாவி விட்டுட்டு இருப்போம். ம்.

ஒரு ஏற்றம் வந்தது. வேகம் குறையவில்லை. மாடிப்படி இரண்டு ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் அவர் மனைவி. இப்போது மூச்சுச் சத்தமே கேட்கவில்லை.

“பரவாயில்லையே. தினம் நடக்கறது வேலை செய்யுது.”

“ம்.”

பாதுகாப்புச் சோதனையில் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைக்கு மேலே பின்னால் நீட்டினார். விரல்கள் வாங்கிக்கொண்டன.

சில்லென்று இருந்தன.

ஏசி, என்று நினைத்துக்கொண்டார்.

மணி 3.58. கேட். அங்கிருந்த பெண் இரண்டு போர்டிங் பாஸையும் வாங்கினாள். பீப்... பீப். பாஸ்போர்ட்டை விரித்தவள், நாற்காலிக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். அடைக்கும் அவசரம் அவளுக்கு.

“அம்மா ரொம்ப வாடிப்போயிருக்காங்க சார். அவங்களை உக்கார வச்சிருக்கலாம்.”

கேப்டன் சிரித்து மழுப்பினார். விமான வாசலில் நாற்காலியை விட்டு இறங்கி நேரே தன் இருக்கைக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பறந்தது பதினொரு மணி நேரம். நடுவில் ஒரே ஒரு தடவை பணிப்பெண்ணிடம், “கடைசி வரிசைல என் மனைவி தூங்கறாளான்னு பாருங்க” என்றார். அவள் போய்வந்தாள்.

“முழிச்சுதான் இருக்காங்க சார். குளிருதாம். ரெண்டு போர்வை குடுத்தேன். இன்னும் குளிருதுங்கறாங்க...”

இறங்கியதும் நடைபாதையில் நின்றார். எல்லோரும் வந்தார்கள். குழந்தைகள். கிழவர்கள். கடைசியில் விமானி.

அவள் வரவில்லை.

அணைத்து வைத்திருந்த போனைப் போட்டார். தவறிய அழைப்புகள் பதினேழு. எல்லாம் மனைவி.

“எங்கடி இருக்கே?”

“எங்கே விட்டுட்டுப் போனீங்களோ, அங்கேதான்.”

முதல் விமானத்தில் மனைவிக்குப் பக்கத்து இருக்கையில் தனியாக வந்த ஒரு வயதான அம்மா. சாம்பல் நிறச் சால்வை. விமானம் தாழ ஆரம்பித்தபோது மூச்சு முட்டியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டாள். பிடித்த கை விடவில்லை. டாக்டர் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது மணி நாலே கால்.

“முன்னாடி பார்த்து ‘ஏங்க, ஏங்க’ன்னு கத்தினேன். உங்க முதுகு போயிட்டே இருந்துச்சு.”

கையில் பாஸ்போர்ட் இல்லை. அடுத்த விமானத்தில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். கம்ப்யூட்டரைப் பார்த்தவர்கள், நீங்கதான் ஏற்கெனவே ஏறிப் போயிட்டீங்களே என்றார்கள். தலைகளை எண்ணித்தான் கதவைச் சாத்தினார்களாம்.

கணக்கு சரியாக இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. மகள் கேப்டனின் தோளுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். “அம்மா எங்கப்பா?” அவர் கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தை நன்றாகப் பிறந்தது. மனைவி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

அன்று சாயங்காலம் கேப்டன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஏற்றம். கைக்கடிகாரம். போர்வை.

“நான் பேசப் பேச ‘ம்’னு சத்தம் வந்துச்சு. உன் ‘ம்’ எனக்குத் தெரியாதா? அதே குரல். அதனாலதான் நான் திரும்பலை...”

மனைவி பேரனின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்களுக்கு ‘ம்’ போடறதை நான் நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

கேப்டன் அவளையே பார்த்தார்.

“விளையாடாதே. வீட்ல... தினம் ராத்திரி... நான் பேசறப்பல்லாம் கேக்குதே...”

அவள் கை நின்றது. இப்போதுதான் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அது நான் இல்லை.”