முப்பத்து மூன்றை உரிக்க வந்தவர்கள்

சட்டை முதுகில் பெயர் ஒட்டுவது ஒரு தொழில் என்றால், தோற்ற மறுநாள் அந்தப் பெயரை உரித்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய தொழில். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் என் ஜெர்சிக் கடை இருக்கிறது. திருப்பூரிலிருந்து வெறும் சட்டை வரும். நான் பெயரையும் எண்ணையும் வெட்டி, ஹீட் பிரஸ் மிஷினில் வைத்து அமுக்கிக் கொடுப்பேன். கை சுத்தம், வேலை சுத்தம். இந்தச் சாலையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், வாடிக்கையாளர்களும் மறுத்ததில்லை.

ஒரே ஒரு சங்கடம். எங்கள் பகுதியில் நிறைய பேர் முதுகில் சுமக்கிற பெயர் சவரி, எண் முப்பத்து மூன்று. சவரிமுத்து என்பது முழுப்பெயர். எங்கள் பகுதிக் கிரிக்கெட் அணியான நங்கூரத்தின் தொடக்க ஆட்டக்காரர். அவர் என் வீட்டுக்காரர். ஊரே தலையில் வைத்து ஆடுகிற ஒரு ஆட்டக்காரர் உங்கள் வீட்டிலும் இருந்து, அவர் நாற்பதையும் தாண்டியிருந்தால், இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. சேர்ந்து அனுபவிப்போம்.

தடம் போகாது

முதலில் பெரிய இடத்துக் கதை. இந்திய அணி ஒரு முக்கியமான ஆட்டத்தில் தோற்ற மறுநாள், ஏரலில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். பல வருடமாக ஆடுகிற ஒரு மூத்த வீரரின் பெயர் போட்ட சட்டை அவர் கையில் இருந்தது. எந்த வீரர் என்று கேட்காதீர்கள், எனக்கு எல்லாக் கட்சியிலும் வாடிக்கையாளர்கள் உண்டு. அந்தப் பெயரை எடுத்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் பையன் பெயரை ஒட்ட வேண்டுமாம். போன மாதம்தான் இந்த மூத்தவரின் பிறந்தநாளுக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் இவர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சூடு காட்டி, ஓரத்தை இடுக்கியால் தூக்கி, பையப் பைய இழுத்தால் பெயர் வந்துவிடும். ஆனால் பசை இருந்த இடம் துணியில் தடமாக நிற்கும். வெயிலில் நின்றால் பழைய பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அதன் மேல் புதுப் பெயரை ஒட்டினால் இரண்டு பேரும் தெரிவார்கள். அண்ணாச்சி சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பரவால்லம்மா, உள்ள அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும். வெளிய தெரியுதவன் ஜெயிச்சாப் போதும்."

தம்பி சட்டை

இனி எங்கள் வீட்டுக் கதை. போன கோடையில் உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் இறுதி ஆட்டம், நங்கூரம் அணிக்கும் வேம்பார் அணிக்கும். கடைசி ஓவர் வரை என் வீட்டுக்காரர் நின்றார். நேராக அடித்திருந்தால் கோப்பை எங்களுக்கு. ஆனால் சின்னப் பையன்கள் அடிக்கிற மாதிரி முட்டி போட்டுக் குனிந்து, பந்தைத் தலைக்கு மேலே பின்பக்கம் தள்ளிவிட ஆசைப்பட்டார். பந்து மட்டைக்குக் கீழே புகுந்து ஸ்டம்பைப் பிடுங்கிப் போட்டது. குனிந்தவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. வேம்பார்ப் பையன்கள் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அன்று இரவே அந்த வீடியோ சோகப் பாட்டோடு ஊரெல்லாம் சுற்றியது.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. யார் பெயரை உரிக்க வேண்டும் என்று கேட்டேன். "அந்த முட்டிவலிக்காரரு பேருதான்க்கா" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினைச் சூடாக்கினேன். முதல் எழுத்தை இழுத்து முடித்தேன், சட்டையில் மிச்சம் 'வரி' என்று நின்றது. அந்த நேரம் பார்த்து, நான் மறந்து வைத்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவரே கடைக்குள் வந்தார். அந்த 'வரி'யைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பையன் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, இது என் தம்பி சட்டைண்ணே. எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காதுண்ணே."

ஆளும் ஷாட்டும்

எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார், சாயங்காலம் பையன்களோடு பந்து போடுகிறவர். அவரிடமும் ஒரு முப்பத்து மூன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், விழுந்தவனைக் கல்லால் அடிக்காதீர்கள், கைகொடுத்துத் தூக்குங்கள் என்று உருக்கமாகப் பேசினார். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, கோயில் மொத்தமும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் குனிந்தபடி ஜெபப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ சாமியார் மேல் மரியாதை கூடிப்போயிற்று.

திங்கட்கிழமை அவர் துணிப்பையோடு கடைக்கு வந்தார். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "நேத்துதான சாமி மன்னிக்கச் சொன்னிய?" என்று கேட்டேவிட்டேன். அவர் சட்டையை என் பக்கம் நகர்த்திவிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆளை மனசார மன்னிச்சாச்சு அமலி. அந்த ஷாட்டை மன்னிக்க ஆண்டவராலதான் முடியும்."

கட்டிலுக்கு அடியில்

இதுவரை சிரித்தாயிற்று. வீட்டுக்குள் நிலைமை வேறு. என் வீட்டுக்காரர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். வேலை முடிந்ததும் கிரீஸ் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மைதானத்துக்கு ஓடுகிற மனிதர். அந்தத் தோல்விக்குப் பிறகு நேராக வீட்டுக்கு வந்தார். மட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். டிவியில் என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெயித்த நாட்களில் தோளில் தூக்கிக்கொண்டு சாலை முழுக்கச் சுற்றிய அதே ஆட்கள், இப்போது அவரைக் கண்டால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டிக் காட்டினார்கள்.

அவர் மறுபடி மட்டையைத் தொடுவாரா, மாட்டாரா? எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கேள்வி அதுதான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குத் துறைமுகத்தில் ஒரு படகு முதலாளி பதில் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னாராம். டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுச் சொன்னாராம். இவர் வீட்டுக்கு வந்து அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தார்.

"சவரி, இனிமே ஸ்பேனரையே பிடி. எஞ்சினு ஒண்ணுதான் உன் வயசைப் பாக்காது."

பழகியிருக்கும்

அடுத்த போட்டி நெருங்கியது. நங்கூரம் அணியின் கேப்டன் ஜெகன் புதுச் சட்டைகளுக்குச் சொல்ல வந்தான். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தான். முப்பத்து மூன்று வந்ததும் மிஷினைத் தொட்டுப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், தண்ணீர் கேட்டான். நானே கேட்டேன், முப்பத்து மூன்று யாருக்கு என்று. ஒரு புதுப் பையனுக்காம். நல்லா அடிப்பானாம். பையனே அந்த எண்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டானாம்.

"அவுகள்ட்ட சொல்லியாச்சாலே?" என்றேன். தலையைச் சொறிந்தான். "நீங்களே பக்குவமா சொல்லிருங்கக்கா" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனையே மிஷினில் வைத்து அமுக்கியிருப்பேன். ஒட்டுவது என் வேலை, சொல்வது உன் வேலை, ஆம்பளையாக வந்து நேரில் சொல்லிவிட்டுப் போ என்றேன். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

"அண்ணன் மூஞ்சியப் பாத்து கெட்ட சேதி சொல்ல எனக்குத் தைரியம் இல்லக்கா. நீங்க பொண்டாட்டி, உங்களுக்குப் பழகியிருக்கும்."

கோணல்

கடைசியில் நான்தான் சொன்னேன். பக்குவம் எல்லாம் எனக்கு வராது. சாயங்காலம் அவர் கடைக்கு வந்தபோது புதுப் பையன் பெயரும் முப்பத்து மூன்றும் ஒட்டி முடித்திருந்தேன். ஆறட்டும் என்று மேசையில் விரித்திருந்தேன். "உங்கள எடுக்கலயாம். நம்பரையும் குடுத்துட்டானுவ" என்றேன். அழக்கூடாது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன், அழவில்லை. அவர் சட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஏளா, அந்த ரெண்டாவது மூணு கோணலா இருக்கு" என்றார்.

என் வேலையில் கோணலா? எந்தத் துக்கத்திலும் அதை மட்டும் நான் விடமாட்டேன். ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டினேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவர் சட்டையை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அப்ப என் கண்ணுதான் கோணல். அதான் அந்தப் பந்தும் தெரியல."

கும்பிட்டுக்கிட்டு நின்னோம்

கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடித்து வேம்பார் கேப்டன் அந்தோணி வந்தான். உப்பளத்தில் மேஸ்திரி வேலை, ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். கோப்பையை வாங்கிய திமிரில் குத்திக்காட்ட வந்திருக்கிறான் என்று நினைத்து, நானும் ஒரு நல்ல வசவைத் தயாராக வைத்திருந்தேன். அவன் ஜெர்சிக்குத்தான் வந்தான். எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டு, கடைசியாக, "சவரி, முப்பத்து மூணு" என்றான். எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னேன்.

அவர்கள் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரர் இல்லையாம். என் வீட்டுக்காரர் உள்ளே எண்ணெய் டப்பாவை வைத்துக்கொண்டு மிஷினின் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை, ஆனால் கீலைத் திருகுகிற சத்தம் நின்றுவிட்டது. வயதாகிவிட்டதே, முட்டி போய்விட்டதே, ஊரே சிரிக்கிறதே என்று வேண்டுமென்றே அடுக்கிக் கேட்டேன். அந்தோணி உள்ளே இருந்தவருக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னான்.

"சிரிச்சது உங்க ஊருக்காரனுவதான்க்கா. அவரு அங்கன நின்ன வரைக்கும் நாங்க பதினோரு பேரும் கும்பிட்டுக்கிட்டுலா நின்னோம்."

இரண்டு ஊர்

யோசித்துச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் பிகு பண்ணினார். மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து மட்டை வெளியே வந்து, பிடிக்குப் புது ரப்பரும் ஏறியிருந்தது. வேம்பாருக்காக முதல் ஆட்டத்தில் நேராக, நேராக மட்டுமே அடித்து ஜெயித்துக் கொடுத்தார். எங்கள் சாலையில் அவருக்குத் துரோகி என்று பெயர் வைத்தார்கள். வேம்பாரிலிருந்து பையன்கள் பஸ் பஸ்ஸாக வந்து முப்பத்து மூன்று ஒட்டிக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பெண்ணும் வாழ்நாளில் கணவன் பெயரை இத்தனை தடவை எழுதியிருக்க மாட்டாள்.

அடுத்த ஆட்டத்தில் முதல் பந்திலேயே அவுட். வேம்பார் தோற்றது. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அந்தப் பையன்கள் சட்டையும் கையுமாக வந்து இறங்கினார்கள். எனக்குப் பக்கென்றது. மறுபடி கட்டில், மறுபடி டிவி, மறுபடி அந்த மௌனமா என்று உள்ளே பார்த்தேன். காலையிலேயே என்னோடு கடைக்கு வந்து உள்ளே உட்கார்ந்திருந்த அவர் எழுந்து வந்தார். பையன்கள் பின்வாங்கினார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, முதல் சட்டையில் தன் பெயரின் ஓரத்தைத் தானே தூக்கினார். உதடு துடிக்கிறது, அழப்போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏளா, முந்தி ஒரு ஊருதான் உரிச்சிச்சு, இப்ப ரெண்டு ஊரு உரிக்கி. நான் எங்க ரிட்டயர் ஆனேன்?"

இப்போதெல்லாம் யாராவது சவரி முப்பத்து மூன்று ஒட்டக் கேட்டு வந்தால், உரிக்கிற கூலியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டுதான் நான் மிஷினைச் சூடாக்குகிறேன்.